காசில்லாமல் 'வாங்குவது' எப்படி?

ஏசாயா 55:1-ஐ எடுத்துப் பேசும் பிரசங்கங்கள் பெரும்பாலும் 'இரட்சிப்பு இலவசம்' என்பதோடு நின்றுவிடுகின்றன. தப்பில்லை. ஆனா, அந்த வசனத்தின் முக்கியமான வினைச்சொல்லைத் தொடாமலே தாண்டிடுறாங்க.

பணமில்லாதவனைக் கூப்பிட்டு 'வாங்கு' என்கிறது வசனம். தமிழில் இது உறுத்தாது. கடையில் அரிசி வாங்குகிறோம், பக்கத்து வீட்டில் கடனும் வாங்குகிறோம். எபிரேயத்தில் இருப்பதோ 'ஷாவர்', அதாவது தானியம் போன்றவற்றை விலைக்கு வாங்குவது. ஆதியாகமம் 42-இல் யோசேப்பின் அண்ணன்மார் பத்துப் பேர் பஞ்சகாலத்தில் எகிப்துக்குத் தானியம் வாங்கப் போவதற்கும் இதே சொல்தான்.

அந்தக் கதையைக் கொஞ்சம் நினைச்சுப் பாருங்க. தானியமும் கிடைத்தது, கொடுத்த பணமும் சாக்கிலேயே திரும்பி வந்தது. அவர்கள் சந்தோஷப்படவில்லை, நடுங்கினார்கள். தம்பியை விற்ற குற்றம் நெஞ்சில் இருக்கும்போது இலவசம்கூடப் பொறியாகத்தான் தெரியும்.

நம்ம பிரச்சினையும் இதுதான். இலவசத்தை நம்ப முடியாமல் உபவாசம், காணிக்கை, ஊழியம் என்று எதையாவது கொடுத்துக் கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறோம். 'இலவசம்' என்று முழங்கிய பிரசங்கமே கடைசியில் அந்தப் பட்டியலை நீட்டும்போது, பயந்தவன் இன்னும் பயப்படுவான்.

'வாங்கு' என்ற சொல் அந்தப் பயத்துக்குத்தான் பதில். பிச்சையாகப் பெற்றவனுக்கு, எப்போது திருப்பிக் கேட்பார்களோ என்ற கவலை இருக்கும். விலைக்கு வாங்கியவனுக்கு அது இல்லை. யோசேப்பின் வீட்டு விசாரணைக்காரனும், பணத்தைத் திருப்பித் தர வந்த அந்த அண்ணன்மாரிடம், உங்கள் பணம் எனக்கு ஏற்கெனவே வந்துவிட்டது என்றுதான் சொல்கிறான். இலவசம்தான், ஆனால் கணக்கில் பாக்கி இல்லை. பிரசங்கத்தில் நான் கேட்க விரும்புவது அந்த இரண்டாவது பாதியை.