ஃபேனியின் ஊசி

ஜேன் கேம்பியனின் ‘பிரைட் ஸ்டார்’ (2009) கவிஞர் ஜான் கீட்ஸின் காதல் கதை. ஆனால் படம் பேனாவில் தொடங்கவில்லை, ஊசியில் தொடங்குகிறது. திரை நிறைய ஊசிமுனை. இழைகளை மெல்ல விலக்கி அது மேலேறுகிறது, பின்னாலேயே நூலும் இழுபட்டு வருகிறது. அத்தனை அருகில் பார்க்கும்போது துணிக்கும் ஒரு மேடுபள்ளம் இருப்பது தெரிகிறது. தைப்பவள் ஃபேனி பிரான், கீட்ஸின் காதலி. தன் உடைகளைத் தானே வடிவமைத்துத் தைப்பவள். கழுத்துப்பட்டையில் மூன்றடுக்கு மடிப்பு வைத்துவிட்டு அதில் பெருமிதப்படும் அழகே அழகு!

கவிதை பிறப்பதைக் காட்ட எந்தக் கேமராவாலும் முடியாது. தையலைக் காட்டலாம். ஒவ்வொரு தையலாக நகரும் அந்தப் பொறுமையைப் பார்த்தபின், கீட்ஸின் வரிகளும் இப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கீட்ஸின் தம்பி டாம் இறந்ததும் ஃபேனி ஆறுதல் வார்த்தை தேடுவதில்லை. இரவெல்லாம் விழித்து, அவன் தலைக்கு வைக்க ஒரு தலையணை உறையைத் தைத்துக் கொண்டுவருகிறாள். படத்துக்காக ஜேனட் பேட்டர்சன் வடிவமைத்த உடைகளும் அப்படியே, ஒரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தவை என்று நம்பவைக்கின்றன.