ஸ்பெஷல் நாடகமும் கோட் ஃபர்ஸ்டும்

மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் இப்போது யூடியூபில் குவிந்துவருகின்றன. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதி, ஸ்பெஷல் நாடகம் என்ற பெயரில் ஆடப்படும் நாடகங்கள் இவை. அவர் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கியதும் மதுரையில்தான். ஊர்ப்பெயரைத் தலைப்பில் போட்டு வீடியோக்காரர்கள் ஏற்றும் இந்தப் பதிவுகளை ஒழுங்காகத் திரட்டினால், எவரும் எழுதிவைக்காத ஒரு கலை வரலாறு கைக்கு வரும். அந்த வேலைக்கு உட்காரும் டாட் நெட் படித்த இளைஞர் முதலில் எடுப்பது, தரவுத்தள டேபிள்களை நிரலின் கிளாஸ்களாகக் காட்டும் ஓஆர்எம் கருவியான என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் கோட் ஃபர்ஸ்ட் முறையாக இருக்கும். அது இந்தக் காரியத்துக்குப் பொருந்துமா என்பதே என் கேள்வி.

முறையின் பலத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2011இல் 4.1 பதிப்போடு வந்த கோட் ஃபர்ஸ்ட், கிளாஸை எழுதினால் அதற்கேற்ற டேபிளைத் தானே உருவாக்கித் தருகிறது. பின்னால் ஒரு புலம் கூடினால் மைக்ரேஷன் பார்த்துக்கொள்கிறது. பெயரில் எழுத்துப் பிழை விட்டால் கம்பைல் ஆகும்போதே தெரிந்துவிடும். யூடியூபையே ஒரு தரவுத்தளம்போல் காட்டும் டிரைவர்களும் விலைக்குக் கிடைக்கின்றன. வீடியோவுக்கு ஒரு கிளாஸ், சேனலுக்கு ஒரு கிளாஸ் என எழுதி, வழக்கமான வினவலைப் போட்டால் பதில் வந்துவிடும். தன் சொந்தச் சேனலின் சில நூறு வீடியோக்களுக்கு அறிக்கை எடுப்பவருக்கு இதற்கு மேல் எதுவும் வேண்டியதில்லை.

சிக்கல், அந்த வினவலுக்குப் பின்னால் தரவுத்தளம் இல்லை என்பதில் தொடங்குகிறது. இருப்பது கூகுளின் ஏபிஐ. ஒரு திட்டத்துக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுகள்தான் வழக்கமான கோட்டா. அடையாள எண் தெரிந்த 50 வீடியோக்களின் விவரத்தை ஒரே அலகில் வாங்கிவிடலாம். ஆனால் ஒருமுறை தேடினால் 100 அலகு போய்விடும். அதாவது முழு நாளுக்கும் 100 தேடல்கள். நம் வினவல் எந்த வழியில் போகிறது என்பதை டிரைவர் தீர்மானிக்கிறது, எழுதியவர் கண்ணுக்கு அது படுவதில்லை. ஆயிரம் வீடியோக்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அதன் சேனலைத் தனித்தனியே கேட்கும்படி ஒரு லூப் எழுதினால், சொந்தத் தரவுத்தளத்தில் சற்று மெதுவாகும், அவ்வளவுதான். இங்கே கூடுதலாக ஆயிரம் அலகு கரையும். கோட்டா தீர்ந்தால் பசிபிக் நேர நள்ளிரவு வரை காத்திருக்க வேண்டும். மதுரைக் கடிகாரத்தில் அது பகல் 12.30, அமெரிக்கக் குளிர்கால நேரத்தில் 1.30.

செலவாவது கணக்குப் போட்டுச் சமாளிக்கக்கூடியது. எனக்குப் பெரிய ஆட்சேபம் பதிலின் தன்மை பற்றியது. தலைப்பில் ‘வள்ளி திருமணம்’ உள்ள வீடியோக்கள் எத்தனை என்று தரவுத்தளத்தைக் கேட்டால் வரும் எண்ணை நம்பலாம். யூடியூப் தேடல் தருவதோ பொருத்தம் பார்த்து வரிசைப்படுத்திய ஒரு பட்டியல். மொத்த எண்ணிக்கை என்று அது சொல்வது மதிப்பீடு மட்டுமே என கூகுளின் ஆவணமே சொல்கிறது. சொற்களைச் சேர்த்து எழுதிய தலைப்பும் ஆங்கில எழுத்தில் எழுதிய தலைப்பும் அதில் வரலாம், வராமலும் போகலாம். இந்தத் தோராயம், சி ஷார்ப் நிரலில் ஒரு முழு எண்ணாக வந்து உட்கார்ந்ததும் ஆய்வுக் கட்டுரைக்குள் உண்மையாக நுழைந்துவிடுகிறது. ஓஆர்எம் இங்கே செய்யும் கேடு அதுதான்: ஐயப்பட வேண்டிய இடத்தை அது வழுவழுப்பாக்கிவிடுகிறது.

தேதியும் அப்படித்தான். ஏபிஐ தரும் வெளியீட்டு நாள் வீடியோ யூடியூபில் வெளியான நாள், நாடகம் நடந்த இரவு அல்ல. பதிவு செய்த நாளுக்கென்று தனிப் புலம் உண்டு, ஏற்றுபவர் நிரப்பினால்தான் அதில் எதுவும் இருக்கும். டேபிளின் அமைப்பும் நம் கையில் இல்லை. டிஸ்லைக் எண்ணிக்கையை 2021 டிசம்பரில் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சந்தாதாரர் எண்ணிக்கையை 2019இலிருந்து முதல் மூன்று இலக்கங்களுக்குச் சுருக்கித் தருகிறார்கள். நம் கிளாஸ் அப்படியே இருக்கும், அதற்குள் வரும் பொருள் மாறியிருக்கும். அமைப்பு கூகுளுடையது என்பதால் மைக்ரேஷனுக்கும் இங்கே வேலை இல்லை. கோட் ஃபர்ஸ்டின் உயிரே அமைப்பை நாமே மாற்றும் உரிமைதான்.

ஆகவே என் தீர்ப்பு: யூடியூபின் மேல் நேராக ஓஆர்எம் போர்த்துவது தவறு. ஏபிஐயை அதன் பெயரிலேயே, ஒவ்வொரு அழைப்புக்கும் எவ்வளவு அலகு என்பது தெரியும்படி, சின்ன நிரலாக எழுதி அழைக்க வேண்டும். சேனல்களைக் கண்டுபிடித்த பிறகு தேடலை நாடாமல் அவற்றின் பதிவேற்றப் பட்டியலைப் படித்தால் 50 வீடியோவுக்கு ஓர் அலகுதான். கோட் ஃபர்ஸ்டுக்கு இடம் உண்டு, நாமே கட்டும் தரவுத்தளத்தில்.

அங்கே அது மிக அழகாகப் பொருந்தும், காரணம் ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பே. நிலையான குழு என்று ஒன்று இல்லை. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என ஒவ்வொருவரையும் அந்த ஓர் இரவுக்காகத் தனித்தனியே ஒப்பந்தம் செய்கிறார்கள். நேற்று மேலூரில் சேர்ந்து ஆடியவர்கள் இன்று வேறு வேறு ஊரில் இருக்கலாம். எனவே நிகழ்ச்சி, கலைஞர், பார்ட் மூன்றையும் இணைக்கும் டேபிள்தான் இந்தத் தரவுத்தளத்தின் மையம். ஓர் இரவு நாடகம் பல துண்டு வீடியோக்களாக வரும், ஆகவே நிகழ்ச்சிக்குக் கீழேதான் வீடியோ வர வேண்டும். யூடியூபின் டேபிளை அப்படியே நகலெடுப்பவர் வீடியோவைத் தலையில் வைத்துவிடுவார், நாடகம் சிதறிப்போகும். சேனல்காரரின் அனுமதியின்றி எடுத்த பார்வை எண்ணிக்கை போன்றவற்றை 30 நாளுக்குள் புதுப்பிக்க வேண்டும் அல்லது அழிக்க வேண்டும் என்ற கூகுள் விதியும் இதே பக்கம்தான் தள்ளுகிறது. நிலையாக நிற்கப்போவது நாம் கேட்டும் பார்த்தும் எழுதிய ஊர், நாள், நாடகம், பார்ட் ஆகியவையே.

இந்தத் தரவுத்தளத்தின் ஒரு புலத்தில் மட்டும், கலைஞரின் பெயரில், நிதானம் வேண்டும். மேடையேறும் பெண்களை ஊர் எப்படி ஏளனமாகப் பார்க்கிறது என்பதை ஆய்வாளர் சூசன் சீசர் மதுரையில் தங்கி ஆராய்ந்து 2005இல் நூலாகவே எழுதியிருக்கிறார். ஒரு நடிகை எந்த ஊரில் எந்த இரவு ஆடினார் என்பதைப் பெயரோடு தேடித் தரும் பட்டியல் அவருக்குத் தீங்காகவும் முடியலாம். கலைஞர் பெயரைக் கட்டாயப் புலமாக வைக்கக் கூடாது. அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே நிரப்ப வேண்டும், கேட்காதவரை பார்ட் மட்டும் பதிவாகும்படி கிளாஸை எழுத வேண்டும்.