ஸ்டாண்டு நிற்கும், தரை நிற்குமா?

டூவீலர் ஸ்டாண்டு விற்பவர்கள் இரண்டு வாக்குறுதி தருகிறார்கள்: வண்டி சாயாது, களவு போகாது. சென்னையில் டைல்ஸ் பதித்த கார் ஷெட்டில் முதல் வாக்குறுதியாவது பலித்துவிடும். ஈ.சி.ஆர். சாலைக்கும் உப்பளப் பாத்திகளுக்கும் இடையில் கிடக்கும் மரக்காணத்தில் கணக்கே வேறு. இங்கே வாசல் மணல், காற்றில் உப்பு, ஐப்பசி கார்த்திகையில் புயல்.

வண்டியோடு வரும் சைடு ஸ்டாண்டை முதலில் பார்ப்போம். 150 கிலோ வண்டி சாய்ந்து நிற்கையில் 30 கிலோ பாரம் ஸ்டாண்டின் பாதத்தில் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாதம் 15 சதுர சென்டிமீட்டர் தேறினால் அதிகம். ஆக, சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ. மழையில் ஊறிய மணல் இதைத் தாங்காது. பாதம் கொஞ்சம் புதைந்தால் வண்டி கூடுதலாகச் சாயும். சாயச் சாய ஸ்டாண்டின் மேல் பாரம் ஏறும். பாரம் ஏற ஏறப் பாதம் மேலும் புதையும். ராத்திரி ஒழுங்காக நிறுத்திய வண்டி விடியும்போது படுத்துக் கிடப்பதன் சூட்சுமம் இதுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது பக்கத்துப் புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழைக்குப் பிறகு மண்வாசலில் எந்த ஸ்டாண்டையும் நம்ப முடியாது. பாதத்துக்கு அடியில் 10 செ.மீ. சதுரக் கடப்பாக்கல் துண்டு வைத்தால் அழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காகிவிடும். இரும்புத் தகடும் அதே வேலையைச் செய்யும். ஆனால் இந்த ஊரில் அதற்கு ஆயுள் கம்மி.

பெரிய ஸ்டாண்டு, அதாவது நடுவில் இருக்கும் சென்டர் ஸ்டாண்டு, பாரத்தை இரண்டு காலில் பகிர்கிறது, இடத்தையும் அடைக்காது. சிமென்ட் தரையில் அன்றாடம் நிறுத்த அதைவிட வசதியானது இல்லை. மணலில் அதுவும் சொதப்பும்: வண்டியைத் தூக்க மிதிக்கும்போதே கால்கள் தோண்டிக்கொண்டு உள்ளே போகும். இரண்டும் ஒரே அளவு புதையும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

டியூக், ஆர்15 போன்ற வண்டிகளுக்குப் பெரிய ஸ்டாண்டு கிடையாது. அவற்றை வைத்திருக்கும் பையன்கள் பேடாக் ஸ்டாண்டு வாங்குகிறார்கள். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைக்கும் இந்தச் சாதனம் செயினுக்கு எண்ணெய் விடவும் சக்கரத்தைக் கழுவவும் பிறந்தது, ராத்தங்கலுக்கு அல்ல. கடலோர வீட்டில் ஒரு வருஷம் கிடந்த பேடாக் ஸ்டாண்டைப் புரட்டிப் பாருங்கள். மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கும். வெல்டிங் வைத்த மூலையில் மட்டும் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். நகத்தால் சுரண்டினால் செதிலாகப் பெயர்ந்து அடியில் செம்பழுப்புத் தூள் தெரியும். மூடியில்லாத குழாய் என்றால் உள்ளிருந்தும் அரித்திருக்கும். 150 கிலோவில் ஏறக்குறைய பாதியைத் தாங்க வேண்டிய இடம் அந்த வெல்டிங்தான்.

இந்த அரிப்புக்குக் காரணம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே நீரை இழுத்துக் கரைகிறது. உப்பளக் காற்றில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே கசிந்துவிடும். அதனால் உச்சிவெயிலில்கூட இரும்பின்மேல் உப்புப் படலம் முழுதாகக் காய்வதில்லை. சைடு ஸ்டாண்டின் ஸ்பிரிங், போல்ட், பி.எஸ்.6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்த 2020-ஐ ஒட்டிப் பல வண்டிகளில் பரவலான ஸ்டாண்டு சுவிட்ச் எல்லாமே இந்தப் படலத்தில் ஊறுகின்றன. சுவிட்ச் கெட்டால் ஸ்டாண்டை மடக்கிய பிறகும் என்ஜின் எழும்ப மறுக்கும். நல்ல தண்ணீர் அடித்து, துடைத்து, கிரீஸ் வைப்பதைத் தவிர வேறு வைத்தியமில்லை. கவர் போட்டு மூடினால் போதும் என்பவர்கள், உள்ளே சிக்கும் ஈரத்தை மறந்துவிடுகிறார்கள்.

புயல்தான் கடைசிப் பரீட்சை. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் மணிக்கு 120 கி.மீ. அளவிலான காற்றோடு புதுச்சேரிக்கு வடக்கே, இந்தக் கரையில்தான் ஏறியது. தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். மணிக்கு 100 கி.மீ. காற்று, ஒரு சதுர மீட்டர் பக்கவாட்டுப் பரப்பைச் சுமார் 47 கிலோ விசையுடன் தள்ளும். பெரிய ஸ்டாண்டில், ஓரடி அகலக் காலில் நிற்கும் 150 கிலோ வண்டியைக் கவிழ்க்க 40 கிலோ விசையே போதும். கவர் காற்றைப் பிடித்தால் இன்னும் மோசம். சைடு ஸ்டாண்டு வலப்பக்கக் காற்றைத் தாங்கும், இடப்பக்கக் காற்றை அல்ல. புயலின் கண் தலைக்கு மேல் கடந்தால் காற்று எதிர்த்திசைக்குத் திரும்பிவிடும் என்பதால், எந்தத் திசை பார்த்து நிறுத்தினாலும் பாதி ராத்திரிக்குத்தான் பாதுகாப்பு. ஆகவே புயல் எச்சரிக்கை வந்தால் கியரில் போட்டு, சைடு ஸ்டாண்டில், வலப்பக்கம் சுவரை ஒட்டினாற்போல் நிறுத்துவதே சரி. சுவர் பலமாக இருக்க வேண்டும். கீற்றுத் தட்டி அந்தக் கணக்கில் வராது.

இரண்டாவது வாக்குறுதிக்கு அதிக நேரம் வேண்டாம். சைடு லாக்கை உடைக்கத் தெரிந்தவனுக்குப் பேடாக் ஸ்டாண்டு ஒரு மிதிக்கு மேல் தடையாகாது. வண்டியை ஏற்றி நகர்த்தும், சக்கரம் வைத்த பார்க்கிங் தட்டோ அதைத் தள்ளிப்போக அவனுக்கே உதவும். தரையோடு சேராத எதுவும் காவல் இல்லை. கான்கிரீட்டில் புதைத்த வளையம், பின்சக்கரத்தோடு கோத்த தடித்த சங்கிலி இவைதான் காவல். பூட்டு தரையில் படாமல் தொங்கட்டும். படுத்த பூட்டைச் சுத்தியால் உடைப்பது சுலபம். வளையத்துக்கு 304 ரக எவர்சில்வர் இங்கே புள்ளி புள்ளியாக அரிக்கும். மாலிப்டினம் கலந்த 316 அதைவிட நன்றாகத் தாங்கும்.

என் தீர்ப்பு பேடாக் ஸ்டாண்டுக்கும் தட்டுக்கும் எதிரானதே. அந்தப் பணத்தில் வீட்டு வாசலில் ஆறடிக்கு மூன்றடி கான்கிரீட் போட்டு வளையத்தைப் புதைத்துவிடலாம். பெரிய ஸ்டாண்டு அங்கே ஒழுங்காக நிற்கும். வாடகைக்குக் குடியிருப்பவருக்குத் தரையைத் தொட அனுமதி கிடைக்காது. அவர் கடப்பாக்கல் துண்டோடும், ஜன்னல் கம்பியை விடப் பலமான தூண் எங்கே இருக்கிறது என்ற தேடலோடும்தான் சமாளிக்க வேண்டும்.