விண்டோஸ் 7-க்கு வெளியிலிருந்து வரும் ஒலி டிரைவர்

அண்மையில் தயாரான ஒரு டிஏசியை (கணினியின் எண்வடிவ ஒலியை அனலாக் ஒலியாக மாற்றும் கருவி) விண்டோஸ் 7 ஓடும் கணினியில் செருகினால், பெரும்பாலும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் ஆச்சரியக்குறியும் வந்து நிற்கும். கருவியில் பழுது எதுவும் இருக்காது. அது யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 தரத்தில் பேசுகிறது; விண்டோஸ் 7-க்குக் கிளாஸ் 1 மட்டுமே தெரியும்.

கிளாஸ் 2 வெளிவந்தது 2006-இல். 2010-இலேயே மேக் கணினிகளும் லினக்ஸும் அதை ஏற்றுக்கொண்டன. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த டிரைவரைத் தந்தது 2017-இல், அதுவும் விண்டோஸ் 10-க்கு மட்டும். 2020 ஜனவரியில் ஆதரவு முடியும்வரை விண்டோஸ் 7-க்கு அது வரவே இல்லை. பதினோரு ஆண்டுத் தாமதத்துக்குத் தொழில்நுட்பக் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த இடைவெளியைக் கருவி தயாரிப்பாளர்களே நிரப்பினார்கள். ஜெர்மனியின் தெசிகான் போன்ற நிறுவனங்களிடம் டிரைவரை வாங்கி, தங்கள் பெயரைப் போட்டுக் கொடுத்தார்கள். பழைய கணினியை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்றும் தேடி நிறுவுவது இவற்றைத்தான்.

இந்த டிரைவர்களால் உண்மையில் என்ன கிடைக்கிறது? கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கிளாஸ் 1 கருவிகள் வழக்கமாக ஓடும் வேகத்தில் ஒரு மில்லி வினாடிக்கு ஒரு பொட்டலம்தான் போகும். அதில் அதிகபட்சம் 1,023 பைட் அடங்கும். 24 பிட் ஸ்டீரியோவில் ஒரு மாதிரிக்கு (சாம்பிள்) 6 பைட். 96 கிலோஹெர்ட்ஸ் என்றால் மில்லி வினாடிக்கு 576 பைட், தாராளமாகப் போகும். 192 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1,152 பைட், போகாது. ஆக, கருவி கிளாஸ் 1-இல் பேசினால், 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வரை விண்டோஸ் 7-இல் உள்ள டிரைவரே போதும். புது டிரைவர் போட்டதும் இசை தெளிந்துவிட்டது என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. அவர்கள் கேட்ட மாற்றம் பெரும்பாலும் வேறிடத்திலிருந்து வந்திருக்கும். விண்டோஸின் மிக்ஸர் எல்லா ஒலியையும் முன்பே குறித்த ஒரே சாம்பிள் விகிதத்துக்கு மாற்றித்தான் அனுப்பும். மிக்ஸரைத் தவிர்த்துச் செல்லும் வாசாபி எக்ஸ்குளூசிவ் முறையில் பிளேயரை வைத்தால் 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாட்டு 44.1-ஆகவே டிஏசிக்குப் போய்ச் சேரும். இந்த வசதி கிளாஸ் 1-இலும் உண்டு. டிஏசியின் கடிகாரமே ஓட்டத்தை நடத்தும் அசின்க்ரனஸ் முறையும் கிளாஸ் 1-இலேயே உண்டு.

192-ஐ 96-இலிருந்து காது பிரித்தறியுமா என்பது அடுத்த கேள்வி. சிடி தரத்துக்கும் உயர் தெளிவு ஒலிக்கும் வேறுபாடு தெரிகிறதா என்று நடந்த 18 ஆய்வுகளை 2016-இல் ஆய்வாளர் ஜோஷுவா ரைஸ் ஒன்றுதிரட்டிப் பார்த்தார். சரியாகச் சொன்னவை 52.3 விழுக்காடு. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும். வேறுபாடு இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அது மிகச் சிறியது. அதுவும் சிடியோடு ஒப்பிட்டபோது கிடைத்தது.

ஒலிப்பதிவு செய்பவரின் கதை வேறு. எட்டு மைக்குகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிய வேண்டுமென்றால் அதே 1,152 பைட் வருகிறது. கிளாஸ் 1-இல் அதற்கு வழியே இல்லை. பாடுபவரின் குரல் ஹெட்போனில் அதிகத் தாமதமின்றித் திரும்பக் கேட்க, தயாரிப்பாளர் தரும் அசியோ டிரைவர் பெரிதும் உதவும். பழைய விண்டோஸிலேயே ஓடும் செருகுநிரல்களை விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் சிறிய ஸ்டுடியோவுக்கு இந்த டிரைவர் ஆடம்பரம் அல்ல, பிழைப்புக்கே தேவையானது. டிரைவரைத் தேடி நிறுவும் முயற்சியின் முழு நியாயமும் இங்கேதான் இருக்கிறது என்பேன்.

குறைகளும் சிறியவை அல்ல. இந்த டிரைவர்கள் மூடிய நிரல்கள். கணினியின் கெர்னலுக்குள் ஓடுபவை. தவறு நேர்ந்தால் பாட்டு மட்டும் நிற்காது, நீலத்திரை வந்து கணினியே நின்றுவிடும். ஒரு நிறுவனத்தின் டிரைவர் பொதுவாக இன்னொரு நிறுவனக் கருவியை ஏற்காது. புதிய டிரைவர்கள் ஷா-2 கையொப்பத்தோடு வருவதால், அதற்கான அப்டேட்டைப் போடாத விண்டோஸ் 7 அவற்றை மறுத்துவிடலாம். உடனே சிலர் எஃப்8 அழுத்திக் கையொப்பச் சோதனையையே நிறுத்திவிடுகிறார்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன கணினியில், இணையத்தோடு இணைந்திருக்கும்போது இப்படிச் செய்வது பெரிய ஆபத்து.

லினக்ஸில் ஒரே திறந்த டிரைவர் ஏராளமான கருவிகளுக்குப் பொதுவாக இருக்கிறது. முறை தவறி நடக்கும் கருவிகளுக்கான விதிவிலக்குகளும் அதன் மூல நிரலிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். தயாரிப்பாளர் கைவிட்டாலும் கருவி வாழும். பாட்டுக் கேட்பதற்கு மட்டும் பழைய கணினியை வைத்திருப்பவர், டிரைவர் தேடும் நேரத்தில் அதிலேயே லினக்ஸைப் போட்டுவிடலாம். ஸ்டுடியோக்காரருக்கு அது எளிதல்ல; அவருடைய மென்பொருள்கள் அவரோடு அங்கே வராது. அவர் விண்டோஸ் 7-இலேயே இருக்கட்டும், கையொப்பமுள்ள டிரைவரைப் போடட்டும், அந்தக் கணினியின் இணையக் கம்பியைக் கழற்றிவிடட்டும்.

தயாரிப்பாளர்களிடம் கேட்க வேண்டியவை இரண்டு. சில டிஏசிகளில் இருப்பதுபோல் கிளாஸ் 1-க்கு மாற்றும் ஒரு சுவிட்ச் எல்லாவற்றிலும் வேண்டும். விண்டோஸ் 7-க்கான கடைசி டிரைவரைத் தங்கள் தளத்திலிருந்து அகற்றக் கூடாது. இப்படி ஒரு கருவி வைத்திருக்கும் வாசகர்கள் அந்த நிறுவுகோப்பை இன்றே தரவிறக்கி ஒரு பென் டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.