கத்தரிக்கோல் உவமையை வாபஸ் வாங்குகிறேன்

மூணு வருஷம் முன்னாடி இங்கே கொலாஜன் பற்றி ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். அதில் "கொலாஜனேஸ் நொதி ஒரு கத்தரிக்கோல்" என்று ஒரு வரி வரும். எழுதினப்போ கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. போன மாசம் பிளஸ் டூ படிக்கிற அக்கா பையன் அதைப் படிச்சிட்டு கேட்டான்: "புற்றுநோய் பரவ இந்தக் கத்தரிதான் வழி வெட்டிக் குடுக்குதுன்னா, கத்தரியப் புடுங்கிட்டா முடிஞ்சுதே மாமா?"

கேள்வி சரியானது. உவமைதான் தப்பு. அதனால் என் வரிக்கு நானே ஒரு விமர்சனம்.

முதலில் அளவு. கொலாஜன் என்பது மூன்று புரி முறுக்கிய கயிறு. தடிமன் சுமார் 1.5 நானோமீட்டர். நொதியின் வெட்டும் இடுக்கோ சுமார் 0.5 நானோமீட்டர்தான். கயிறு உள்ளேயே நுழையாது! 2004-ல் ஹிடேயாகி நாகாசே குழு ஒரு அழகான சோதனை செய்தது. வெட்டும் திறனை முடக்கிய கொலாஜனேஸை கொலாஜனோடு சேர்த்தார்கள். கூடவே, தனியாக விட்டால் கொலாஜனை வெட்டத் தெரியாத வேறு நொதிகளைப் போட்டார்கள். கயிறு அறுந்தது. அதாவது கொலாஜனேஸின் பாதி வேலை, முறுக்கைப் பிரித்துக் கொடுப்பது. அதுவும் கண்ட இடத்தில் இல்லை. கயிற்றின் முக்கால் நீளத்தில் ஒரே ஒரு இடம். அங்கே அறுந்ததும் துண்டுகள் உடல் சூட்டில் தாமாகவே முறுக்கு அவிழும், மிச்சத்தை ஜெலட்டினேஸ் போன்ற நொதிகள் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது, கத்தரிக்கோல் எப்போதும் மேஜையில் கிடக்கும். இந்த நொதி அப்படிக் கிடப்பதில்லை. 1962-ல் ஜெரோம் கிராஸும் சார்ல்ஸ் லாப்பியேரும் தவளைக்குஞ்சின் வாலில் இதைக் கண்டுபிடித்த விதமே இதற்குச் சாட்சி. வால் கரைந்து தவளையாகிறது என்றால் கொலாஜனை ஏதோ ஒன்று தின்றாக வேண்டும். ஆனால் திசுவை அரைத்துப் பிழிந்து பார்த்தால் சிக்கவில்லை. இவர்கள் உயிருள்ள வால் துண்டை வெள்ளையான கொலாஜன் ஜெல் மேல் வைத்தார்கள். துண்டைச் சுற்றி ஜெல் கரைந்து தெளிவான வளையம் வந்தது. எங்க பாஷையில் சொன்னால், டம்ப் ஃபைலில் தேடியது கிடைக்கலை, ஓடுகிற ப்ரோகிராமில் கிடைத்தது. செல் இதைத் தேவைக்கேற்ப, பூட்டுப் போட்ட வடிவத்தில்தான் வெளியே விடுகிறது. பூட்டைத் திறக்க வேறு நொதிகள், அடக்கி வைக்க டிம்ப் என்ற புரதங்கள் என்று பக்கத்திலேயே ஒரு ஏற்பாடு இருக்கு.

இப்போ பையனின் கேள்வி. 1990-களில் மருந்துத் துறை கிட்டத்தட்ட அதையேதான் செய்து பார்த்தது. கொலாஜனேஸ் சேர்ந்த எம்எம்பி குடும்பத்தையே மொத்தமாக முடக்கும் மாரிமாஸ்டாட் போன்ற மருந்துகள். எலிகளில் நல்ல பலன். மனிதர்களில் மூட்டு வலி வந்தது, எதிர்பார்த்த பலன் வரலை. டானோமாஸ்டாட் என்ற இன்னொரு மருந்தின் ஒரு நுரையீரல் புற்றுநோய்ச் சோதனை 1999-ல் நிறுத்தப்பட்டது. காரணம், மருந்து எடுத்தவர்களின் நிலை வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட மோசமானது. நம்பி மாத்திரை விழுங்கினவங்க அவங்க.

ஒரு உவமைதான் இதற்கெல்லாம் காரணம் என்றால் அது அநியாயம். எலிகளுக்கு நோயின் தொடக்கத்தில் கொடுத்தார்கள், மனிதர்களில் பெரும்பாலும் முற்றிய பிறகு. ஆனால் "வெட்டுவது கெட்டது" என்ற எண்ணம் ஒரு விஷயத்தை மறைத்தது: இந்தக் குடும்பத்தில் நமக்குக் காவல் நிற்பவர்களும் உண்டு. எம்எம்பி-8 இல்லாத ஆண் எலிகளுக்குத் தோல் கட்டிகள் அதிகம் வந்தன என்று 2003-ல் தெரிந்தது. எம்எம்பி-2 ஒரு அழற்சிச் சமிக்ஞையை நறுக்கி, அழற்சியை அடக்கும் பொருளாகவே மாற்றிவிடும். அங்கே வெட்டு என்பது அழிவு இல்லை, ஒரு செய்தி.

உவமைக்கும் ஒரு நியாயம் உண்டு. பிணைப்பு அறுகிறது என்பதை ஒரே வார்த்தையில் புரிய வைக்கும். ஆனால் எங்கே, எப்போது, யார் சொல்லி என்ற மூன்று கேள்விகளையும் அது கேட்கவே விடாது. மருந்துக்குத் தேவையான கேள்விகள் அந்த மூன்றும்தான்.

பழைய பதிவில் அந்த வரியை அழிக்கலை. குறுக்கே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பையனுக்கும் இதையேதான் சொன்னேன்: "புடுங்கிப் பார்த்தாச்சுடா. எந்தக் கையில இருந்து, எப்போ புடுங்கணும்னு தெரியாமப் போச்சு."