பேர்ஜரின் வைத்தியரும் காலை எட்டு மணியும்

ஜோன் பேர்ஜர் எழுதி, ஜீன் மோரின் புகைப்படங்களுடன் 1967இல் வெளிவந்த 'ஒரு அதிர்ஷ்டசாலி மனிதன்' என்ற ஆங்கில நூலை விரிவுரையாளனாக இருந்தபோது ஒரு தரம் வாசித்திருந்தேன். அப்போது கவர்ந்தது அதன் தத்துவம். அண்மையில் தொழிற்சாலை இடைவேளைகளில் திரும்ப வாசித்தபோது ஒரு சில்லறைக் கேள்விதான் எழுந்தது: இந்த வைத்தியரிடம் ஆட்களை உள்ளே விட்டது யார்?

இங்கிலாந்தின் டீன் காட்டுப் பகுதியில் குடும்ப வைத்தியராக இருந்தவர் சசோல். மரத்தின் கீழ் சிக்கியவனிடம் ஓடுகிறார். அயலவர் வாழ்க்கைக்கே சாட்சியாக நிற்கிறார். பேர்ஜர் அவரைத் தனித்த பேருருவாக வரைகிறார். ஆனால் அந்த நிலையத்தின் அன்றாட அலுவல்களை நடத்தியவர் அவருடைய மனைவி. நூலுக்குள் அவர் இல்லை என்றே சொல்லலாம்.

இது சிறிய விடுபடல் அல்ல. நல்ல மனிதர் ஒருவர் இருந்தால் வைத்தியம் நடந்துவிடும் என்ற மயக்கம் இங்கேதான் பிறக்கிறது. அதன் மறுபக்கமே எம்மவர் கோயில் மண்டபத்தில் பேசுவது: டொக்டர்மார் சோம்பேறிகள், வரவேற்பாளர் நிறத்துவேசம் பிடித்தவர். நானும் பேசியவன்தான். மூன்று வாரம் ஆறாத இருமல். எட்டு மணிக்கு அழைக்க வேண்டும். நானோ ஆறு மணியிலிருந்து மெசினடியில், தொலைபேசி அலுமாரிக்குள். பத்து மணிக்கு எடுத்தால் இன்றைய இடங்கள் முடிந்துவிட்டன.

கணக்கோ வேறு. இங்கிலாந்தில் பதிந்த நோயாளிகள் 6 கோடியைத் தாண்டிப் பெருக, பயிற்சி முடித்த ஜீ.பி.மார், முழுநேரக் கணக்கில், 2015இலும் பார்க்க 2023இல் குறைவு. 2015இல் 5000 பேர், 2019இல் 6000 பேர் கூட்டுவதாகக் கொன்சர்வேற்றிவ் கட்சியினர் சொன்னதும் நடக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், 2024இல் வேலை தேடி அலைந்த ஜீ.பி.மாரும் இருந்தார்கள். 2019இல் வந்த நிதித்திட்டம் மருந்தாளர், இயன்மருத்துவர் போன்றோருக்குச் சம்பளம் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஜீ.பி. ஒருவரை அமர்த்த 2024 ஒக்ரோபர் வரை இடமில்லை. நிலையத்தின் வருமானமோ பெரும்பாலும் தலைக்கணக்கு. ஒருவர் ஒரு தரம் வந்தாலும் இருபது தரம் வந்தாலும் ஒன்றுதான்.

வேல்சின் சுரங்கக் கிராமமொன்றில் வைத்தியராயிருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், தேவை கூடிய இடத்தில்தான் நல்ல வைத்தியம் அரிதாகிறது என்று 1971இல் எழுதினார். பேர்ஜருக்கு நாலே வருடம் பிந்தி. அவரும் ஏழைக் கிராமத்தைத்தான் பார்த்தார். ஆனால் வைத்தியரின் முகத்தையல்ல, வாசலில் நின்ற வரிசையை.

மனைவி இறந்த பின், 1982இல் சசோல் தற்கொலை செய்துகொண்டார். தொலைபேசியில் என்னிடம் தினமும் மன்னிப்புக் கேட்கும் அந்தப் பெண்ணின் பெயரை நான் இன்னும் கேட்டதில்லை.