நுழைந்துவிட்டால் பொருந்தியதாகுமா?

பழைய மடிக்கணினிக்குப் புதிய சேமிப்புச் சாதனம் வாங்க எண்ணும் அன்பர்களே! கடையில் உங்களிடம் நீட்டப்படும் அட்டைப் பெட்டியைச் சற்று உற்றுப் பாருங்கள். கொள்ளளவு பெரிய எழுத்தில் இருக்கும். வேகம் அதைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் இது எந்தக் கணினியில் இயங்கும், எதில் இயங்காது என்ற செய்தி ஒரு மூலையில், பொடி எழுத்தில், குறியீடாக ஒளிந்திருக்கும். முதலில் தெரிய வேண்டியது கடைசியில் நிற்கிறது. இதைத்தான் இங்கே குறை கூற விரும்புகிறோம்.

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அக்காலத்து மடிக்கணினிகளில் இருந்தவை பெரும்பாலும் சுழலும் வன்தட்டுகளே. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு, ஒரு சுற்றுக்கு 11.1 மில்லிநொடி எடுக்கிறது. வேண்டிய தகவல் படிக்கும் முனைக்கு நேரே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 5.6 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரம் தனி. சுழலும் பகுதியே இல்லாத எஸ்.எஸ்.டி.யில் இந்தக் காத்திருப்பு ஏறத்தாழ 0.1 மில்லிநொடியாகக் குறைகிறது. ஆகவே ‘எஸ்.எஸ்.டி. போடுங்கள்’ என்ற அறிவுரையில் பிழை இல்லை. எந்த எஸ்.எஸ்.டி. என்று சொல்லாமல் விடுவதில்தான் பிழை.

பொருத்தம் என்பது ஒன்றல்ல, இரண்டு. தியாகராய நகர்வாசிகள் நன்கறிந்த மாம்பலம் ரயில் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1931இல் கடற்கரை-தாம்பரம் தடத்தில் மின்ரயில் வந்தபோது தண்டவாள இடைவெளி 1 மீட்டர். மின்சாரம் 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். 1960களில் அது 25,000 வோல்ட் மாறுமின்னோட்டமாக மாற்றப்பட்டது, இடைவெளி மாறவில்லை. நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்த வண்டி ஒன்றை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்திவிடலாம், ஓட்ட முடியாது. உருவம் பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

முதலில் உருவப் பொருத்தம். 2.5 அங்குலச் சாதனங்களின் தடிமன் 9.5 மி.மீ., 7 மி.மீ. எனப் பலவாறு உண்டு. 9.5 மி.மீ. இடத்தில் 7 மி.மீ. சாதனத்தைச் சிறு சட்டம் வைத்துப் பொருத்தலாம். 7 மி.மீ. இடத்தில் 9.5 மி.மீ. சாதனம் நுழையாது. இதில் ஏமாற்றம் குறைவு. தவறு உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. 2003 முதல் வழக்குக்கு வந்த ‘சாட்டா’ இணைப்பின் தலைமுறைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகும், இது பாராட்டத்தக்கது. ஆனால் நொடிக்கு 3 கிகாபிட் திறனுள்ள பழைய சாட்டாவில் நொடிக்கு 300 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. பெட்டியில் 550 என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு அதிக விலை கொடுப்பது வீண். பழைய கணினியில் உணரப்படும் விரைவு, பெரும்பாலும் மேற்சொன்ன காத்திருப்பு குறைவதால் வருவதே.

மிகுந்த குழப்பம் ‘எம்.2’ என்ற பெயரில் இருக்கிறது. அது மெல்லிய அட்டையின் உருவத்தை மட்டுமே குறிக்கும். 2280 என்றால் அகலம் 22 மி.மீ., நீளம் 80 மி.மீ.; இந்தக் குறியீடு தெளிவானது. ஆனால் அதே உருவத்தில் சாட்டா வகையும் உண்டு, என்.வி.எம்.இ. வகையும் உண்டு. இரண்டும் கணினியோடு தொடர்பு கொள்ளும் முறை வெவ்வேறு. தவறான அட்டை நுழையாதிருக்கவே விளிம்பில் பள்ளங்கள் வைத்தார்கள். ஆனால் சாட்டா வகை அட்டைகளில் பெரும்பாலும் இரு பள்ளங்களும் இருப்பதால், என்.வி.எம்.இ.க்கு மட்டுமான பொருத்துவாயிலும் அவை நுழைந்துவிடுகின்றன. திருகும் இறுகிவிடும், கணினிக்கோ அது தெரியவே தெரியாது. ரிச்சி தெருக் கடைக்காரர் ‘நல்லா உட்காரும் சார், எடுத்துட்டுப் போங்க’ என்றால், அவர் சொன்னது உண்மைதான். உட்காரும் என்றாரே தவிர, இயங்கும் என்று சொல்லவில்லையே!

மேலும், மிகப் பழைய கணினிகள் பலவற்றில் என்.வி.எம்.இ. சாதனத்திலிருந்து தொடங்கும் வசதி பயாஸில் இல்லை. எம்.பி.ஆர். என்னும் பழைய பகுப்பு முறையோ, வழக்கமான வன்தட்டில் சுமார் 2.2 டெராபைட்டுக்கு மேல் கையாளாது.

ஆகவே மாணவர்களே, கடைக்குப் போகுமுன் மின்கலத்தைக் கழற்றிவிட்டு அடிமூடியைத் திறந்து பாருங்கள். பழைய சாதனத்தின் அளவு, தடிமன், இணைப்பு, கணினியின் மாதிரி எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரிக்குரிய பராமரிப்புக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கோப்புகளுக்கு வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

எனினும் முழுப் பொறுப்பையும் வாங்குபவர் தலையில் சுமத்துவது முறையன்று. ‘சாட்டா பொருத்துவாய்க்கு மட்டும்’, ‘என்.வி.எம்.இ. பொருத்துவாய்க்கு மட்டும்’ என்ற ஒரு வரியைக் கொள்ளளவுக்குச் சமமான எழுத்தில், தமிழிலும் அச்சிட உற்பத்தியாளர்களுக்கு என்ன தடை? பல மாதச் சேமிப்பைக் கொண்டு வாங்கும் மாணவருக்கு அந்த ஒரு வரி, வேகத்தைப் பற்றிய விளம்பரத்தைவிடப் பயனுடையது.